பழச்சாறு பாட்டிலுக்குள் எப்படித் தங்குகிறது?

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மாம்பழச் சாறு இரண்டு இடத்தில் இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் சில பாட்டில்கள்; அவற்றின் ஆயுள் சில நாள், மிஞ்சினால் சில வாரம். வாசலில் அடுக்கிய பெட்டிமேல் சில பாட்டில்கள். அவற்றில் 6 மாதம், 9 மாதம் என்று அச்சிட்டிருக்கும். மரத்திலிருந்து இறக்கிய பழமே ஒரு வாரத்தில் கனிந்து அழுகிவிடுகிறது. அதன் சாறு மட்டும் சித்திரை மாதத்து மதுரையில் எப்படிக் கெடாமல் நிற்கிறது?

“மருந்து கலந்திருப்பாங்க” என்பதுதான் உடனே வரும் பதில். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது புளிப்பு, சூடு, காற்றுப் புகாத மூடி ஆகிய மூன்றும்தான். இவை பிடிபட்டால், கடையில் எடுக்கும் பாட்டிலை எங்கே வைக்க வேண்டும், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பது தானாகத் தெரியும். மகளிர் குழுவாகவோ சிறு தொழிலாகவோ பாட்டில் போட நினைப்பவர்களுக்கும் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கெடுப்பவை இரண்டு

பழத்தோலில் ஈஸ்ட், பூஞ்சை, பாக்டீரியா மூன்றும் எப்போதும் இருக்கின்றன. பழத்தைப் பிழிந்ததும் சர்க்கரையும் தண்ணீரும் அவற்றுக்குத் திறந்துவிடப்படுகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சாராயத்தையும் விடும். பாட்டில் உப்புவதும், மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரைப்பதும் இதனால்தான். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். அதனால் அது சாற்றின் மேல்பரப்பில், கழுத்துப் பகுதியில் ஆடைபோலப் படரும்.

இரண்டாவது எதிரி பழத்துக்குள்ளேயே இருக்கும் நொதிகள். வெட்டிவைத்த ஆப்பிளும் வாழையும் கறுப்பது ஒரு நொதியின் வேலை. பாட்டிலில் சாறு மேலே தெளிந்த தண்ணீராகவும் கீழே சதையாகவும் பிரிந்து நிற்பது, சாற்றுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டின் என்ற பொருளைச் சிதைக்கும் இன்னொரு நொதியின் வேலை. கிருமிகளில் பலவற்றைக் காட்டிலும் இந்த பெக்டின் நொதி கூடுதலாகச் சூடு தாங்கும். கிருமி செத்த பிறகும் சாறு பிரிந்துபோனால், சூடு போதவில்லை என்று பொருள்.

4.6 என்ற கோடு

புளிப்பை அளக்கும் அலகு பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உணவுப் பதனத் தொழிலில் 4.6 என்ற எண்ணை வைத்துத்தான் எல்லாமே முடிவாகிறது. காற்றில்லாத டப்பாவுக்குள் கொடிய நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் பாக்டீரியா, பி.எச். 4.6-க்குக் கீழே வளராது. அதன் விதைத்துகளை (கடினச் சூழலில் கிருமி எடுக்கும் உறங்கும் வடிவம்) கொல்ல 121 டிகிரி வரை அழுத்தத்தில் சூடேற்ற வேண்டும். சாறு போதிய புளிப்போடு இருந்தால் அந்த வேலை மிச்சம். 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கினாலே போதும்.

இந்தக் கோட்டை வைத்து நம் பக்கத்துப் பழங்களைப் பிரித்துப் பாருங்கள். எலுமிச்சை 2-ஐ ஒட்டி இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சை, ஆயக்குடி கொய்யா இரண்டும் கோட்டுக்குக் கீழே பாதுகாப்பாக நிற்கும். மாம்பழம் ரகத்தையும் கனிவையும் பொறுத்தது. காயில் புளிப்பு, அளவுக்கு மீறிக் கனிந்தால் கோட்டை நெருங்கிவிடும். வாழை, பப்பாளி, தர்பூசணி, கரும்புச்சாறு எல்லாம் கோட்டின் மேலேயோ அதை ஒட்டியோ நிற்பவை. இவற்றை எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, கோட்டுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு 4.2-க்குக் கீழே இறக்காமல் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. கரும்புச்சாறு பாட்டிலில் அரிதாகவே வருவதற்கு இது ஒரு காரணம்.

நாக்கை நம்பி இதை முடிவு செய்யக்கூடாது. சர்க்கரை புளிப்பை மறைக்கும். கைக்கு அடக்கமான பி.எச். மீட்டர் ஒன்று வேண்டும். அதை ஒவ்வொரு வேலை நாளும் 4, 7 ஆகிய இரண்டு அளவுக் கரைசல்களில் முக்கிச் சரிபார்த்த பிறகே சாற்றில் வைக்க வேண்டும்.

புளிப்பு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான பதில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் 1980-இல் தொடங்கிய ஓட்வாலா, சூடாக்காத பச்சைச் சாறும் ஸ்மூத்தியும் விற்றுப் பெயர் வாங்கிய நிறுவனம். 1996 அக்டோபரில் அதன் ஆப்பிள் சாற்றில் இ.கோலி ஓ157 பாக்டீரியா கலந்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். ஒரு சிறு குழந்தை இறந்தது. ஆப்பிள் சாறு புளிப்பானதுதான், குளிரிலும் இருந்தது. ஆனால் புளிப்பு அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுக்கும், உடனே கொல்லாது. குளிரும் கொல்லாது. அதன் பிறகு அந்நிறுவனம் சாற்றைச் சூடாக்கத் தொடங்கியது. சாற்றில் இருக்கக்கூடிய நோய்க்கிருமியை ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு 2001-இல் கொண்டுவந்தது. தரையில் விழுந்த பழத்தைச் சாற்றுக்கு எடுக்கக்கூடாது என்று சொல்வது வீண் கெடுபிடி இல்லை. மாடும் ஆடும் மேயும் தோப்பில் கிருமி பழத்துக்கு ஏறுவது தரையிலிருந்துதான்.

சூடு வைக்கும் முறை

பெரிய ஆலைகளில் சாற்றை மெல்லிய தகடுகளின் இடையே ஓடவிட்டு, 95 டிகிரியை ஒட்டி அரை நிமிடம் சூடாக்கி, உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய அட்டைப் பெட்டியில் கிருமியில்லாத அறைக்குள் நிரப்புகிறார்கள். அந்த இயந்திரம் சிறு தொழிலுக்கு எட்டாது. எட்டுகிற முறைகள் இரண்டு.

முதலாவது, சூடாக நிரப்புவது. சாற்றை 90 டிகிரிக்குக் கொண்டுபோய், 85-க்குக் குறையாமல் பாட்டிலில் ஊற்றி, உடனே மூடி, 3 நிமிடம் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ப்பது மூடியின் உட்பக்கத்துக்கும் கழுத்துக்கும் சூடு போவதற்காக. இதை மறந்தால், பத்து நாள் கழித்துக் கழுத்தில் பூஞ்சை தெரியும். பிறகு படிப்படியாகக் குளிரவைக்க வேண்டும். உள்ளே சாறு சுருங்கும்போது வெற்றிடம் உண்டாகி மூடியை உள்ளே இழுத்துப் பிடிக்கும். அகலவாய் உலோக மூடியின் நடுப்பகுதி உள்ளே குழிந்திருந்தால் வேலை சரி. அழுத்தும்போது டிக் டிக்கென்று அசைந்தால் காற்று புகுந்திருக்கிறது.

சாதாரண பெட் (பிளாஸ்டிக்) பாட்டில் 70 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி வளைந்துவிடும். தண்ணீர் பாட்டிலில் சுடச்சுடச் சாறு ஊற்ற முடியாது. சூடு தாங்கும் பெட் பாட்டில் கனமாக இருக்கும். பக்கவாட்டில் குழிந்த பட்டைகள் இருக்கும். வெற்றிடம் இழுக்கும்போது பாட்டில் நெளியாமல் அந்தப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். கடையில் இப்படிப்பட்ட பாட்டிலைப் பார்த்தால், சூடாக நிரப்பியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, நிரப்பி மூடிய பிறகு பாட்டிலோடு சேர்த்து வெந்நீரில் வைப்பது. 200 மில்லி கண்ணாடி பாட்டிலில் ஊற்றும் சாறு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், கையால் வேலை செய்பவர்களுக்கு இதுவே நம்பகமானது. மேலே 2 சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்புங்கள். இடம் விடாவிட்டால் சாறு விரிந்து மூடியைத் தள்ளும். சோடா மூடியைக் கைநெம்புக் கருவியால் அடித்து, அடியில் துணி விரித்த பாத்திரத்தில் பாட்டில்களை நிறுத்தி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றிச் சூடேற்றுங்கள். ஒரு பாட்டிலை மட்டும் மூடாமல், அதன் நடுவில் வெப்பமானி நிற்கும்படி வையுங்கள். அதுதான் சாட்சி பாட்டில். வெளியே தண்ணீர் 90 காட்டும்போது உள்ளே சாறு 70-இல் நிற்கக்கூடும். சாட்சி பாட்டில் 85-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்கி, 20 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு குளிர்ந்த நீர்.

கோலி சோடா பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. அதன் மூடி உள்ளிருந்து தள்ளும் வாயுவால் நிற்பது. இங்கே உள்ளே இருப்பது வெற்றிடம்.

குளிர் வழியும் ஒன்று உண்டு. மூடிய பாட்டிலை நீருக்குள் வைத்து 6,000 பார் வரை அழுத்தம் கொடுத்துக் கிருமியை நசுக்குவது. 2013-இல் மும்பையில் தொடங்கிய ரா பிரஸ்ஸரி போன்ற நிறுவனங்கள் இந்த முறையில்தான் சாறு விற்றன. பச்சைச் சாற்றின் மணம் அப்படியே இருக்கும். ஆனால் நொதிகள் முழுதாக அடங்குவதில்லை, விதைத்துகள்கள் சாவதில்லை; எனவே ஆலையிலிருந்து கடை வரை குளிர் ஒரு மணி நேரம்கூட அறுபடக்கூடாது. கண்ணாடி இந்த அழுத்தம் தாங்காது, பிளாஸ்டிக்தான். இயந்திரத்தின் விலையைப் பார்த்தால், சிறு தொழில் இதை நினைக்காமல் இருப்பதே நல்லது.

10 கிலோ மாம்பழ பானம்: கணக்கு

உடனே குடிக்கும் பழ பானத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு (எலுமிச்சைக்கு 5 போதும்), கரைந்த திடப்பொருள் 10 சதவீதம். கரைந்த திடப்பொருள் என்பது பெரும்பாலும் சர்க்கரைதான். அதை அளக்கும் அலகு பிரிக்ஸ் (1 பிரிக்ஸ் என்றால் 1 சதவீதம்), கருவி ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டு சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். அந்த அளவுகோல் 20 டிகிரிக்கு வரையப்பட்டது. மதுரை அறைச் சூட்டில் எண் குறைத்துக் காட்டும். வெப்பத் திருத்தம் தானே செய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சுவையாக இருக்க வேண்டும் என்றால் பழத்தை 15 சதவீதம் வைத்து, 13 பிரிக்ஸுக்கும் 0.3 சதவீதம் புளிப்புக்கும் (எடையில் அமிலத்தின் பங்கு) திட்டமிடலாம். 10 கிலோவுக்கு மாம்பழக் கூழ் 1.5 கிலோ. கூழ் 16 பிரிக்ஸ் என்றால் அதிலிருந்தே 240 கிராம் சர்க்கரை வந்துவிடும். தேவை 1,300 கிராம். ஆக 1,060 கிராம் சர்க்கரை சேர்க்க வேண்டும். புளிப்புக்கு மொத்தத் தேவை 30 கிராம். கூழின் புளிப்பு 0.4 சதவீதம் என்றால் 6 கிராம் அதில் இருக்கிறது, மீதி 24 கிராம் சிட்ரிக் அமிலம். தண்ணீர் சுமார் 7.4 கிலோ. சர்க்கரையையும் அமிலத்தையும் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டிய பிறகே கூழைச் சேர்க்க வேண்டும். சர்க்கரையில் இருக்கும் தூசியும் நாரும் வடிகட்டியில் நிற்கும். இதில் 200 மில்லி பாட்டில் 47 வரும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் நீங்கள் சேர்த்த சர்க்கரை மட்டும் 22 கிராம். சேர்த்த சர்க்கரையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து, நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். விற்பவர்களும் குடிப்பவர்களும் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீரும் ஒரு பொருள்தான், பாட்டிலில் முக்கால் பங்கு அதுவே. மதுரையில் பல பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதல்; ஆர்.ஓ. நீரே சரி. பழம் கழுவ 10 லிட்டர் தண்ணீருக்கு, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 25 மில்லி. அதில் 5 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பாத்திரம் முழுக்க எவர்சில்வர். அலுமினியமும் இரும்பும் புளிப்பில் அரித்து, நிறத்தையும் ருசியையும் கெடுக்கும்.

பழத்துக்குப் பழம் குணம் வேறு

மாம்பழக் கூழுக்குத் தொழிலில் முதலிடம் கிளிமூக்குக்கு. நம் பக்கம் கல்லாமை என்றும் சொல்வார்கள். தின்பதற்கு இமாம்பசந்தும் நத்தம் காசாலட்டும் எங்கேயோ இருக்க, கிளிமூக்கைப் பிடிப்பதற்குக் காரணம் அதன் சதைப்பற்றும் புளிப்பும் விலையும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகள் அதை நம்பித்தான் நடக்கின்றன. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை வாங்காதீர்கள். அது தடை செய்யப்பட்டது மட்டுமல்ல, தோல் மஞ்சளாகியும் உள்ளே காயாகவே இருப்பதால் கூழில் மணமே இருக்காது.

பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்துப் பழம், சாற்றுக்கென்றே பிறந்தது. நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால் நசுக்கிய பழத்தை 60 முதல் 65 டிகிரியில் 10, 15 நிமிடம் வைத்த பிறகு பிழிய வேண்டும். பிழிந்த சாற்றைக் குளிரில் வைத்தால் அடியில் மணல் போலத் துகள் படியும். பாட்டிலில் இதைக் கண்டவர்கள் கண்ணாடித் தூள் என்று பயந்துபோகிறார்கள். அது திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உறைந்த உப்பு, கெடுதல் இல்லை. சாற்றைச் சில நாள் ஃபிரிட்ஜில் தெளியவிட்டு, மேலோட்டமாக இறுத்த பிறகு பாட்டில் போட்டால் இந்தப் புகாரே வராது.

சாத்துக்குடியில் பலர் ஏமாறுகிறார்கள். பிழிந்த உடனே தேன். சூடாக்கி ஒரு நாள் வைத்தால் கசப்பு. பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் புளிப்பிலும் சூட்டிலும் லிமோனினாக மாறுவதே காரணம். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது. சாத்துக்குடியை ஜூஸ் கடைக்கே விட்டுவிடலாம். தர்பூசணியும் அப்படித்தான், சூடு பட்டதும் வெந்த பூசணி வாடை வரும்.

ஸ்மூத்தி என்பது சாறு பிழிந்து சக்கையை எறியாமல், சதையையே அரைத்துக் கெட்டியாக அடைப்பது. நார் தங்கும், வயிறு நிறையும். கெட்டித்தன்மைக்கு வாழைதான் ஆதாரம். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளுக்கு மணமும் கூடுதல். ஆனால் ஸ்மூத்தியில் சங்கடம் மூன்று. வாழை 4.6-க்கு மேலே போகக்கூடியது. புளிப்பு சேர்க்காமல் அடைக்கக்கூடாது. வெட்டியதும் கறுக்கும், துண்டுகளை ஆவியில் வேகவைத்து நொதியை அடக்கி, கிலோவுக்கு 1 கிராம் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்து அரைக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: கெட்டியான திரவத்தில் சூடு மெதுவாகவே நகரும். ஓரம் கொதித்துக் கருகும்போதும் நடு வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர்ப் பதச் சாற்றுக்கு வைத்த நேரத்தை இதற்கு வைத்தால் பாட்டில் உப்புவது உறுதி. சாட்சி பாட்டில் இல்லாமல் ஸ்மூத்தி போடவே கூடாது. பாலோ தயிரோ சேர்ந்தால் கணக்கு மொத்தமாக மாறிவிடும். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மருந்து என்பது என்ன

பாதுகாப்புப் பொருள் கலந்த பாட்டில்களும் உண்டு. சோடியம் பென்சோயேட் 211, பொட்டாசியம் சார்பேட் 202, பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 224 என்ற எண்களில் லேபிளில் தெரியும். 330 என்பது சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி. எண்ணைக் கண்டதும் பயப்பட வேண்டியதில்லை. திராட்சை, நாவல் போன்ற நிறமுள்ள சாற்றில் 224 போட்டால் நிறம் வெளுத்துவிடும். அவற்றுக்கு 211 பயன்படுத்துவார்கள். பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும். அழுகின பழத்தையும் அழுக்குப் பாட்டிலையும் அது சரிசெய்யாது. சூடும் மூடியும் சரியாக இருந்தால் இவை இல்லாமலே பாட்டில் நிற்கும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

பொருள்களின் பட்டியல், எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்க வேண்டும். தண்ணீர், சர்க்கரை, பிறகு மாம்பழக் கூழ் என்றிருந்தால் அது பழ பானம். நெக்டர் என்றிருந்தால் பெரும்பாலான பழங்களில் குறைந்தது 20 சதவீதம் பழம் இருக்க வேண்டும். ஜூஸ் என்ற சொல் பழச்சாற்றுக்கு மட்டுமே. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து மீட்டெடுத்த சாற்றை ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று விளம்பரம் செய்யக்கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தால் ‘இனிப்பூட்டிய சாறு’ என்று போட வேண்டும். ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் இல்லாத பாட்டிலை எடுக்கவே வேண்டாம்.

விற்கத் தொடங்கும் முன், ஒவ்வொரு தொகுதியிலும் சில பாட்டில்களை 37 டிகிரியில் 10 நாள் வைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் மதுரை அறையே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். உப்பவில்லை, நுரைக்கவில்லை, பி.எச். மாறவில்லை என்றால் மீதியை அனுப்பலாம். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரியில் பழப் பதனம் பற்றிக் கேட்டறியலாம்.

நல்ல பாட்டிலையும் வெயில் மெதுவாகக் கெடுக்கும். கிருமி வராது, ஆனால் மஞ்சள் சாறு பழுப்பாகும், வைட்டமின் சி குறையும், காய்ச்சிய வெல்ல வாடை வரும். கடைக்காரர் வாசல் வெயிலில் அடுக்கியிருந்தால் உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள். திறந்த பாட்டிலுக்கு அச்சிட்ட தேதி பொருந்தாது. ஃபிரிட்ஜில் வைத்து 2, 3 நாளில் முடித்துவிட வேண்டும். வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை எடுத்துவைக்காதீர்கள். உப்பிய பாட்டிலை ருசி பார்க்கவும் வேண்டாம். கண்ணாடி பாட்டில் என்றால் முகத்துக்கு நேரே திறக்காமல், ஈரத்துணியால் சுற்றி அப்படியே அப்புறப்படுத்துங்கள்.